பெரிய பூனைக்கு வீடு உண்டா?

தெருப்பூனைகளுக்கு வீடு தேடித் தரும் சென்னைத் தன்னார்வலர்களைக் கேட்டுப் பாருங்கள். குட்டி என்றால் நான், நீ என்று போட்டி. மூணு வயசு என்றால் ‘பெரிசு ஒட்டாதுங்க’ என்று போனை வைத்துவிடுவார்களாம்.

பாதி உண்மை. பூனை மனிதரோடு பழகக் கற்பது முக்கியமாகப் பிறந்த 2 முதல் 7 வாரங்களுக்குள். அப்போது மனிதக் கை படாமல் வளர்ந்தது வீட்டுக்குள் தவிக்கும். கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் கருணை.

ஆனால் வீடு மாறிப் போனவர்கள் விட்டுச்சென்ற பூனை வேறு ரகம். புது இடத்தில் நாலு நாள் கட்டிலுக்கடியில் பதுங்கும். ஒரு தனி அறை, மணல் தட்டு, கொஞ்சம் பொறுமை... தானே வெளியே வரும். குணமும் முன்பே தெரியும். குட்டி எப்படி வளரும் என்று யார் கண்டது?

பின் ஏன் தயக்கம்? குட்டியை ‘என் கையில் வளர்ந்தது’ எனலாம். பெரிய பூனைக்கு நாமில்லாத ஒரு பழைய வாழ்க்கை இருக்கிறது. யாரோ வைத்த பெயருக்குத் திரும்பிப் பார்க்கும். அங்கேதான் இடிக்கிறது. அன்பு என்ற பெயரில் நாம் தேடுவது உரிமையை. தத்தெடுப்புக்குக் காத்திருக்கும் பெரிய பிள்ளைகளின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

பெரிய பூனை உங்களை அம்மா, அப்பா என்று நினைக்காது. ஒருநாள் மடியில் வந்து உட்காரும், அவ்வளவுதான். அது போதுமா, சொல்லுங்கள்.