எண்ணூர் செய்தியில் இல்லாத நாட்கள்

கைப்பேசியைத் திறந்தால் செய்தி கொட்டுகிறது. ஆனால் வடசென்னையில், எண்ணூரை அடுத்த திருவொற்றியூரில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர், தன் மாணவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றியோ அவர்கள் அப்பாக்கள் வலை வீசும் கழிமுகத்தைப் பற்றியோ இன்று என்ன வந்திருக்கிறது என்று பார்க்க நினைத்தால், அது அவ்வளவு சுலபத்தில் கண்ணில் படாது. எது பரபரப்போ அதுவே மேலே வந்து நிற்கும்.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: ஆர்.எஸ்.எஸ். ஓடை. (பதற வேண்டாம், இது கணினிச் சமாச்சாரம்.) 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. ஒரு தளத்தில் புதிதாக ஏறும் செய்திகளைத் தலைப்பு, சுருக்கம், நேரம் என்று வரிசையாகத் தந்துகொண்டே இருக்கும். 2013 ஜூலை 1 அன்று, ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் மூடப்பட்டபோது ஓடைகளின் கதையும் முடிந்தது என்றார்கள். முடியவில்லை. பிபிசி தமிழுக்கு ஓடை உண்டு. ‘தி இந்து’வின் சென்னைப் பக்கத்துக்கும் உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ தளம் மாநிலவாரியாக எச்சரிக்கைகளை இப்படித்தான் தருகிறது. கூகுள் நியூஸில் ‘எண்ணூர்’ என்ற தேடலையே ஓடையாக்கிக்கொள்ளலாம். இந்த ஓடைகளின் முகவரிகளை ஃபீட்லி போன்ற செயலியில் ஒட்டினால் வேலை முடிந்தது.

கற்றுக்கொள்ள வேண்டியது அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஓடை செய்திகளைப் பரபரப்பின்படி அடுக்குவதில்லை, பெரும்பாலும் வந்த நேரப்படி அடுக்குகிறது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். 2017-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 28 அதிகாலை, எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்பதே துறைமுகத் தரப்பின் முதல் பேச்சு. அடுத்தடுத்த நாட்களில், சிந்திய எண்ணெய் எர்ணாவூர் பாறைகளில் கறுப்புக் கூழாக ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் பிளாஸ்டிக் வாளியால் அதை அள்ளி அள்ளிக் கை மாற்றினார்கள். சிந்தியது சில டன் என்று தொடங்கிய கணக்கு நூற்றுக்கணக்கில் போய் நின்றது. தேடுபொறியில் இன்று தேடினால் கடைசிக் கணக்குதான் முதலில் கிடைக்கும். கணக்கு எப்படி வளர்ந்தது என்பதை நாள்வரிசைதான் காட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல குடிமையியல் பாடம் எனக்குத் தெரியாது.

2023 டிசம்பரில் செய்தி இன்னொரு வேலையும் செய்தது. மிக்ஜாம் புயல் மழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கொசஸ்தலையாற்றுக்கு வந்தது. அந்தப் பிசுக்கு போவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தை ஒட்டிய உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, சனம் தெருவுக்கு ஓடி வந்தது. இரண்டு சம்பவங்களையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதற்குத் தூண்டுதல் பத்திரிகைச் செய்திகள். செய்தி என்பது படித்துவிட்டு மடித்துப் போடும் காகிதம் மட்டும் இல்லை.

இத்தனைக்கும் மேல் ஒன்று இருக்கிறது. ஓடையைச் சில மாதம் தொடர்ந்து பார்க்கும் ஆசிரியருக்கு, வந்த செய்திகளைவிட வராத நாட்கள் கண்ணை உறுத்தத் தொடங்கும். எண்ணெய் மிதந்தால் எண்ணூர் வரும், வாயு கசிந்தால் வரும். மற்றபடி ஓடை வறண்டு கிடக்கும். அந்த வறண்ட நாட்களில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். மீனவர் ஊரான காட்டுக்குப்பத்தில் இறால் பாடு குறைகிறது, ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது. எதுவும் ஒரே இரவில் நடப்பதில்லை. அதனால் எதுவும் செய்தியாவதில்லை. ஊரை அழிப்பது பெரும்பாலும் விபத்து இல்லை, வழக்கம். வழக்கத்தை எழுத நிருபர் வரமாட்டார். ஆகவே ஒரு நோட்டில், வெற்று நாட்களுக்கு எதிரே அன்று வீட்டில் கண்டதைப் பிள்ளைகளே தேதியோடு எழுதி வைக்கட்டும்: மீன் என்ன விலை, தண்ணீர் என்ன நிறம், காற்றில் என்ன வாடை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான ஓடைகள் கடைசியாக வந்த சில செய்திகளை மட்டுமே வைத்திருக்கும். விட்டுப்போனதைத் திரும்பக் கேட்டால் தராது. அடுத்த புயல் வந்த பிறகு தேடிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே ஓடைகளைச் செயலியில் சேர்த்துவிடுங்கள்.