ஆனிரைக்கு நிழல், அரனுக்குத் தொண்டு

திருச்சேய்ஞலூரில் அவதரித்த விசாரசருமர், ஆயன் ஒருவன் பசுவை அடிக்கக் கண்டு மனம் நொந்து, ஊர்ப் பசுக்களைத் தாமே மேய்த்தார். மண்ணியாற்றங்கரையில் ஆத்தி மர நிழலில் மணலால் இலிங்கம் அமைத்துப் பால் சொரிந்து வழிபட்டார். அவரே சண்டேசுர நாயனாரானார் என்கிறது பெரியபுராணம். மேய்ச்சல் நிலத்தில் நின்ற மரமே அவருக்குத் திருக்கோயிலாயிற்று.

மரமற்ற மேய்ச்சல் தரையிலோ மாடு வெயிலில் வாடும். குருவிக்குக் கூடு கட்டவும் கொப்பு இராது. வன்னி மண்ணுக்குரிய பாலை, நாவல், இலுப்பை ஆகியவற்றையும், குளக்கரையில் மருதையும் மாரி தொடங்கும் ஐப்பசியில் நட்டு, மாடு கடியாதபடி அலம்பல் அடைத்துக் காத்தல் வேண்டும். புல்லுக்கும் வெளிச்சம் வேண்டுமாதலால் இடைவெளி விட்டு நடுதல் நன்று.

மரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கி, காபனைத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி காபனே. வெட்டி எரித்தால் அது மீண்டும் காற்றில் கலந்துவிடும். ஆகவே நடுவதோடு தொண்டு முடிவதில்லை, காப்பதே பெருந்தொண்டு.

பாலை மிக மெதுவாக வளரும். நட்டவர் அதன் பழத்தை உண்ணாமற் போகலாம். பறவைகள் உண்ணும், பேரப்பிள்ளைகள் உண்பர். பலன் கருதாது செய்வதன்றோ சிவத்தொண்டு! அத்தொண்டில் அடியார்கள் ஒன்றுபட எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.