வளைந்த முதுகு

பளு தூக்கும் போட்டிகளை விடாமல் கவனித்து வருகிறவன் நான். ஒலிம்பிக்கில் இன்று இரண்டே முறைகள்: தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்குமேல் கொண்டுபோகும் ‘ஸ்னாச்’, தோளில் நிறுத்திப் பிறகு உயர்த்தும் ‘கிளீன் அண்டு ஜெர்க்’. 1972, மியூனிக் வரையில் ‘பிரஸ்’ என்று மூன்றாவது ஒன்றும் இருந்தது. அதை நீக்கிய கதைதான் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

தோளுக்குக் கொண்டுவந்த பளுவை, நடுவர் சைகை தந்ததும், கைவலுவால் மட்டுமே மேலே தள்ள வேண்டும். முழங்கால் மடங்கலாகாது; உடல் சாயலாகாது. விதி என்னவோ தெளிவுதான். ஆனால் ஒருவன் சற்றே பின்னால் சாய்ந்தான், நடுவர் பொறுத்துக்கொண்டார். அடுத்தவன் இன்னும் கொஞ்சம் சாய்ந்தான். கடைசியில் வில்லாய் வளைந்து, ஏறக்குறைய படுத்துக்கொண்டு தள்ளுகிற மாதிரியே தள்ளினார்கள்! எவ்வளவு சாய்ந்தால் குற்றம் என்பதில் நடுவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. முதுகெலும்புக்கும் ஆபத்து. முறையையே நீக்கிவிட்டார்கள்.

வேறு வழியில்லைதான். கேட்பாரற்ற கட்டுப்பாட்டை நம் வீட்டில்கூட எத்தனை நாள் காப்பாற்ற முடிகிறது? ஆனாலும், நிமிர்ந்து நின்றே தூக்கி, அதனாலேயே சில கிலோ குறைந்து தோற்றவன் எவனாவது இருந்திருப்பானே, அவனை என்னவென்று சொல்வது? சாய்ந்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரறியச் சாய்ந்தார்கள், நடுவர்களும் வெள்ளை விளக்கைத்தான் எரிய விட்டார்கள். அதற்காக நிமிர்ந்து நின்றவனை ஏமாளி என்பதா? அதற்கும் நா எழவில்லை. பழைய பட்டியல்களில் யார் எத்தனை கிலோ தூக்கினார் என்ற கணக்கு இருக்கிறது. எப்படி நின்று தூக்கினார் என்ற கணக்கு இல்லை.