விளக்கும் விளக்கமும்

'விளக்கு' என்னும் தமிழ்ச்சொல் பெயராகவும் வினையாகவும் வழங்குவது. பெயராகுங்கால் இருள் நீக்கும் சுடரைக் குறிக்கும். வினையாகுங்கால், மறைந்த பொருளைத் தெளிவித்தலையும், மாசு போகத் துலக்குதலையும் குறிக்கும். நூலுக்கு உரை சொல்லும் ஆசிரியரும், செம்பு விளக்கும் இல்லத்தாளும் ஒரு சொல்லையே ஆள்கின்றனர். 'விளங்கு' என்னும் தன்வினைக்குப் பிறவினையாய் நிற்பது 'விளக்கு'. ஆதலின் மூன்று பொருளுக்கும் அடிப்படை ஒன்றே. விளக்கு இல்லாததைப் படைப்பதில்லை, உள்ளதைக் காட்டுகிறது. துலக்குவோரும் செம்பிற்குப் புதிய ஒளியை ஊட்டுவதில்லை. அதனை மறைத்த களிம்பையே போக்குகின்றனர்.

இச்சொல்லின் முழுப்பொருளும் திருக்கோவலூர் இடைகழியிலே விளங்கிற்று. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே கொண்ட அவ்விடத்தில், மழையிரவொன்றில், காஞ்சியில் அவதரித்த பொய்கையாழ்வாரும், கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வாரும், மயிலையில் அவதரித்த பேயாழ்வாரும் கூடினர் என்று குருபரம்பரை கூறும். வேறொருவர் புகுந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர், இன்னாரென்று அறிந்திலர். பொய்கையார் உலகையும் கதிரவனையும் கொண்டு புறவிளக்கு ஏற்றினார். பூதத்தார் அன்பைக் கொண்டு அகவிளக்கு ஏற்றினார். பேயாழ்வார் கண்டார். மூவரும் அருளிய அந்தாதிகள், நூறு நூறு பாசுரங்களாய், நாலாயிரத்தின் இயற்பாவில் திகழ்கின்றன.

கதிரவனே சுடரான பின் மற்றொரு விளக்கு எதற்கு என்று வினவலாம். பகலில் விழித்திருந்தும் அருகிலிருப்பாரைக் காணாத நெஞ்சை நாம் அறிவோம். புறவொளி பொருளைக் காட்டும். அதனைத் தனக்குரியதாகக் கொள்ள அன்பு வேண்டும்.

அதனினும் அரிய வினா ஒன்றுண்டு. ஏற்றியவர் இருவர், கண்டதைப் பாடத் தொடங்கியவர் மூன்றாமவர். அது ஏற்றியவர்க்கு இழப்பாகுமோ?

உற்சவத்தில் தீவட்டி ஏந்துவாரை நோக்கினால் விடை கிட்டும். அவர் முன்னே நடக்கிறார். பின்னே எம்பெருமான் எழுந்தருளுகிறார். அவர் பிடித்த ஒளியில் வீதியிலுள்ளோர் எல்லாம் திருமேனியைச் சேவிக்க, அவர் கண்ணோ வழியின் மேடுபள்ளத்தையும் சுடரையுமே பார்த்திருக்கிறது. காண்பதே பேறென்றால் அவர் இழந்தவரே. ஆனால் வைணவ வழக்கில் 'சேவை' என்னும் சொல் காண்டலுக்கும் தொண்டுக்கும் பொதுவானது. பிறர் காண ஒளி பிடித்தவரும் சேவித்தவரே. காண விழைவது குற்றமன்று. ஆழ்வார்களும் அதற்கே ஏங்கினர். பிறர் காட்சியை மறைத்துத் தான் காண்பதே குற்றம்.

திருவிழாக் கூட்டத்தில் இது நாள்தோறும் நேரும் சோதனை. சந்நிதியில் திரை விலகும் கணத்தில், முன்னே நிற்பவர் ஓரடி ஒதுங்கினால் பின்னே தவிக்கும் மூதாட்டிக்குத் திருமுகம் தெரியும். அவ்வோரடியும் ஒரு விளக்கே. தாம் காணும் காலத்தைச் சிறிது குறைத்துக் கொண்டவர், தம் நெஞ்சின் களிம்பையும் அப்போதே விளக்கிக் கொள்கிறார்.

இடைகழியில் முன்னே இருந்தவர் எவரும் பின்னே வந்தவரை 'இடமில்லை' என்று தடுக்கவில்லை. இடம் கொடுத்தார், நெருக்கத்தைப் பொறுத்தார். அந்நெருக்கத்தினூடேதான் எம்பெருமான் வந்து நின்றான். இன்று தோளோடு தோள் நெருக்கும் அடியாரைச் சினந்து நோக்குமுன், அவ்விரவை ஒருகணம் நினைப்பது நலம்.

முதலாழ்வார்கள் திருவடிகளே சரணம்.