உழைக்கும் துணி

துணிக்கடையில் நாம் கேட்கும் கேள்வி, "நன்றாக உழைக்குமா?" என்பது. கிழியாமல் நெடுநாள் இருக்குமா என்பதே பொருள். ஆனால் "இருக்குமா" என்று நாம் கேட்பதில்லை. "உழைக்குமா" என்றே கேட்கிறோம். இந்த வழக்கில் ஓர் அறநீதி அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒருவர் ஓவர்கோட்டுக்குத் துணி தேடுவது வேடிக்கையாகப் படலாம். மார்கழிப் பனிக்கும் இங்கே ஒரு துண்டு போதும். ஆயினும் 1962-இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இந்நகரில் உண்டு. பாரிஸின் குளிர் அவர்களுக்குத் தூரத்து உறவு.

பஞ்சாலையில் தறி ஓட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், அங்கே படிக்கப் போகும் பேரனுக்காகக் கம்பளித் துணி எடுத்தார். நானும் உடன் இருந்தேன். அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கைக்குள் கசக்கி விட்டுப் பார்த்தார். மெல்லிய சூட்டுத் துணியை ஒதுக்கிவிட்டு, கனமான மெல்டனை எடுத்தார். நெய்தபின் ஈரத்தில் அழுத்தி இறுக்கிய துணி அது. காற்று எளிதில் புகாது, வெட்டிய ஓரத்திலும் இழை சட்டென்று பிரியாது.

"இருபது வருஷம் உழைக்கணும், தம்பி" என்றார் தையல்காரரிடம்.

"உழைக்கும் ஐயா. ஆனா தினமும் போட்டா உழைக்காது. ஒரு நாள் போட்டா ஒரு நாள் தொங்கவிடச் சொல்லுங்க. லைனிங்தான் முதல்ல போகும், அதை மாத்திக்கணும்."

கம்பளி இழை வளைந்து நிமிரும் இயல்புடையது. ஈரம் ஆறி நிமிர அதற்குப் பொழுது வேண்டும். அழுக்கோடு பெட்டியில் பூட்டினால் அந்துப்பூச்சி அரிக்கும். ஆகவே உறுதி என்பது துணியிடம் மட்டும் இல்லை. உடுத்துகிறவனிடமும் பாதி இருக்கிறது.

விலை கொடுத்தவனுக்கு இவ்வளவு கடமையா என்று கேட்கலாம். விலை துணியை வாங்கும். அதன் உழைப்பைப் பராமரிப்புதான் வாங்கும். மனிதரிடம் இதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இதே புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று 8 மணி நேர வேலை. மறு ஆண்டு அது சட்டமாயிற்று. நெய்தவர்கள் கேட்டதும், துணி கேட்பதும் ஒன்றுதான்: உழைப்புக்கு நடுவே ஓய்வு.

வீட்டிலோ கேட்பாரும் இல்லை. "அம்மாவுக்கு இரும்பு உடம்பு" என்று பெருமையாகச் சொல்கிறோம்; சொல்லிவிட்டு இன்னொரு வேலையை அவள் தலையில் வைக்கிறோம். கிழியாத துணியை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. உட்புறம் நைந்துபோவது அதனால்தான் தெரியாமல் போகிறது. உறுதியானவர்களுக்கு நம் கவனிப்பு வேண்டாம் என்று எண்ணுவது பாராட்டு ஆகாது. அது ஒருவகைச் சுரண்டல்.

"உழைக்குமா?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்கு ஓய்வும் ஒட்டும் தர நாம் ஆயத்தமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வதுதான் நியாயம்.