தொண்டும் ஊழியமும்



சித்திரை முடியும் தறுவாயில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட நிலம் எப்படிக் கிடக்கும் என்பதை அங்குள்ள அன்புக்கொடி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாந்தோப்புகளில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இறங்கிக்கொண்டிருக்கும். மேற்கே மலை வெயிலில் வெளிறிப்போய் நிற்கும். கரிசலில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒரு வாரம் கூட்டி வைத்து வழிபாடும் ஒழுக்கமும் விளையாட்டும் சொல்லித்தர ஒரு நிழல்தாங்கல் முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் வருவதற்குப் பத்து நாள் முன்பே வேலை தொடங்கிவிடும்.

சீமைக்கருவேலை வெட்டி வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு முள் கிடந்தாலும் வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதைத்தான் மிதிக்கும். கற்குவியலைக் கையால் அள்ளாமல் கம்பால் கலைத்துப் பார்க்க வேண்டும். வெயிலுக்கு ஒதுங்கிய கட்டுவிரியன் அடியில் இருக்கலாம். கிணற்றுக்கு வலை போட வேண்டும், தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், தென்னங்கிடுகில் பந்தல் போட வேண்டும். பந்தலை ஓடைக்கரையில் போடக்கூடாது. கீழே வானம் வெளுத்திருக்கும்போதே மேலே கோடை மழை கொட்டி ஓடை பெருகி வரும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீரென வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது.

இத்தனைக்கும் ஆள் கிடைப்பார்கள். மில்லில் இரவு ஷிப்ட் முடித்த இளைஞர்கள் தூங்காமல் வந்து மண்வெட்டி பிடிப்பார்கள். பந்தலுக்கு நான், சுண்ணாம்புக்கு நான் என்று பெயர்கள் நிரம்பும். கடைசியில் ஒரு வரி மட்டும் காலியாகக் கிடக்கும். கழிப்பறை.

சற்று நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஒருவர், “அண்ணாச்சி, அதுக்குக் கூலிக்கு ஆள் வச்சிருவோமே. ஐநூறு ரூவா ஆகுமா? நான் தாரேன்” என்பார். எல்லாரும் மூச்சுவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேட்டால், “ஒரு ஏழைக்குப் பிழைப்புதானே?” என்பார்.

இந்தப் பதிலை எளிதில் தள்ளிவிட முடியாது. வேலைக்குக் கூலி கொடுப்பது நியாயம்தான். பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம், சமையற்காரருக்குக் கொடுக்கிறோம். ஆனால் பந்தல் போடக் கூப்பிட்டால் எந்தத் தெருவிலிருந்தும் ஆள் வருவார். இந்த வேலைக்குக் கூப்பிட்டால் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது கூப்பிடுமுன்னே எல்லாருக்கும் தெரியும். அங்கே கூலியோடு பிறப்பும் கைமாறுகிறது. அய்யா வந்தது எதை ஒழிக்க என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில், வாசலுக்கு வெளியே இருந்த அது கழிப்பறை வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் (1809–1851) வாழ்ந்த காலத்தில் ஊழியம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நம் முன்னோர் உடம்பால் அறிந்திருந்தார்கள். கூலி கிடையாது, மறுத்தால் அடி. கோவிலுக்கும் அரண்மனைக்கும் விறகும் ஓலையும் பனைப்பொருளும் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுமந்தவர் அந்தக் கோவிலுக்குள் போக முடியாது. தொண்டுக்கும் கூலி இல்லை, ஊழியத்துக்கும் கூலி இல்லை. ஒரே விறகு, ஒரே சுமை. அப்படியென்றால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? மறுக்க முடியுமா என்பது ஒன்று. ஏவுகிறவர் அந்த வேலையைத் தாமும் செய்வாரா என்பது இன்னொன்று. இந்த இரண்டு கேள்விக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால், ஐநூறு அல்ல, ஐயாயிரம் கொடுத்தாலும் அது ஊழியத்தின் சாயலிலிருந்து விலகாது.

இதே கேள்வியைச் சமையற்கட்டிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். பட்டியல் எழுதும்போது ஆண்களிடம் “உங்களுக்கு எது வசதி?” என்று கேட்கிறோம். பெண்களின் பெயர்களைப் பாத்திரம் துலக்குவதற்கும் அரிசி களைவதற்கும் கேட்காமலே எழுதிவிடுகிறோம். மதினிமார் மறுக்கமாட்டார்கள் என்று தெரியும். அது அன்பினால்தானா, வேறு வழியில்லாததாலா என்று கேட்டவர் எத்தனை பேர்?

1901-ல் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் கழிப்பறைகள் நாறிக் கிடந்ததைக் கண்ட காந்தி, தொண்டர்களிடம் சொன்னார். அது தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. அவர் ஒரு துடைப்பத்தைத் தேடி வாங்கித் தாம் பயன்படுத்தும் ஒன்றைச் சுத்தம் செய்தார். எல்லாவற்றையும் செய்ய அவரால் முடியவில்லை, கூட்டம் அப்படி. தொண்டர் என்ற பட்டையைக் குத்திக்கொண்டு நின்றவர்களுக்குப் பஞ்சமே இல்லாத மாநாடு அது.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே வாகைப்பதிக் கடற்கரையில் எழுநூறு குடும்பத்தார் துவையல் தவசு இருந்தார்கள். துணி வெளுப்பதைக்கூட ஒரு சாதியின் தலையில் கட்டியிருந்த நாட்டில், நாளுக்கு மூன்று வேளை அவரவர் துணியை அவரவரே துவைத்தார்கள். உடம்பின் தூய்மைக்காக என்று மட்டும் அதைச் சொல்லிவிட்டுப் போவது குறைவு. தன் அழுக்கைப் பிறன் கைக்குத் தள்ளாமல் இருக்கப் பழகிய பள்ளிக்கூடமாகவும் அது இருந்திருக்க வேண்டும். வரப்போகும் தர்மயுகத்துக்கு மண்ணை ஆயத்தம் செய்தவர்கள் முதலில் எடுத்த வேலை அதுதான். தாங்கலில் நாம் செய்யும் வழிபாட்டுக்குப் ‘பணிவிடை’ என்று பெயர் வழங்குவதும் தற்செயல் அல்ல. அப்படியிருக்க, உச்சிப்படிப்பு மட்டும் பணிவிடை, அதற்கு முன் தரை கூட்டியது எடுபிடி வேலை என்று பிரிக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அவ்வூர்ப் பெரியாழ்வார் நாராயணனுக்குச் செய்ய எடுத்துக்கொண்ட கைங்கரியம் நந்தவனம் வைப்பது. மாலையை எல்லாரும் பார்ப்பார்கள். மண்ணைக் கொத்தித் தண்ணீர் சுமந்த கையை அந்தத் துளசிச் செடிகள்தான் பார்த்திருக்கும்.

ஆர்வம் வேறு, அறியாமை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். தொண்டு என்ற வேகத்தில் யாரும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கக்கூடாது. உள்ளே தேங்கும் வாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்துக் கொண்டுபோகும். கூலிக்கு ஒருவரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு உறிஞ்சு லாரி இருக்கிறது. லாரிக்காரருக்குக் கூலி கொடுப்பதில் எந்த இழிவும் இல்லை. அவர் வந்தால் நாற்காலி போட்டு மோர் கொடுப்பதற்கு மறக்காமல் இருந்தால் போதும்.

பிள்ளைகளையும் இதில் சேர்க்கலாமா என்பது கடினமான கேள்வி. “எம் பிள்ளைய கக்கூஸ் கழுவவா அனுப்பிவச்சேன்?” என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தால் அவள் கோபத்தில் நியாயம் உண்டு. சில பள்ளிகளில் எந்தப் பிள்ளைகளைத் தேர்ந்து இந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்பது செய்தித்தாளில் பலமுறை வந்ததுதான். அதனால் பிள்ளைகளுக்கு அது தண்டனையாக ஒருபோதும் வரக்கூடாது. சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, பெரியவர்கள் முன்னே நின்றால், அந்த ஒரு வாரத்தில் ஒரு முறை தன் பங்குக்கு வாளி தூக்கிய பிள்ளை ஊருக்குத் திரும்பியபின் தெருவில் துடைப்பத்தோடு வருகிறவரை வேறு கண்ணோடு பார்க்கும். பெரியவர்கள் முன்னே நிற்காவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்காமல் விடுவது நல்லது.

மறுபடி அந்தப் பட்டியலுக்கு வருவோம். காலியாகக் கிடக்கும் வரிக்கு ஐநூறு ரூபாய் தருவதாகச் சொன்னவரே அதில் முதலில் தன் பெயரை எழுதிவிட்டு, “தம்பி, பினாயில் வாங்க மட்டும் இந்தப் பணத்த வச்சிக்கோ” என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பெயரை எழுதப் பேனாவை யாரிடம் கொடுப்பது என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.