முற்றுப் பெறாத போர்வை

ஒருவருக்குக் கொடுப்பதென்று மனத்தில் எண்ணித் தொடங்கிய பொருள், கொடுக்கப்படும் வரையில் யாருக்குச் சொந்தம்? செய்கின்றவருக்கா, பெற வேண்டியவருக்கா? இக்கேள்வி வழக்கறிஞர்களுக்கு உரியது போலத் தோன்றலாம். எனக்கோ அது எங்கள் வீட்டு மூலையில் இருக்கும் ஒரு பிரம்புக் கூடையிலிருந்து எழுந்தது.

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிராணி. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். கீழே ஈப்போவில் மின்விசிறி ஓயாமல் சுழலும் இரவுகளில், இங்கே வெப்பமானி 15, 16 பாகைக்கு இறங்கிவிடும். ஐரோப்பியர் இதனைக் குளிரென்றே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆயினும் குளிர் என்பது பாகைக் கணக்கு மட்டும் அன்று. தகரக் கூரையும், பலகைச் சுவரின் இடுக்கும், உடுத்திருக்கும் துணியின் பழமையும், உடுத்தியவரின் வயதும் சேர்ந்துதான் அதன் அளவு. அக்டோபரில் மழை வலுத்து, மூடுபனி கொழுந்துக் காட்டை விட்டு நகராமல் நிற்கத் தொடங்கியதும், லயத்து வீடுகளில் பெட்டிக்குள் கிடந்த கம்பளிகள் வெளியே வரும். என் மனைவியின் கூடையும் அப்பொழுதுதான் நடுக்கூடத்திற்கு வரும்.

அவள் தன் பெரியம்மாளிடம் கம்பளி பின்னக் கற்றவள், நன்றாகவே பின்னுவாள். ஆனால் கூடையைக் கவிழ்த்தால் விழுவன யாவும் அரைகுறை. தம்பியின் குழந்தைக்கென்று தொடங்கிய சிறு சட்டை ஒன்று. அந்தக் குழந்தை இன்று முதலாம் வகுப்பில் படிக்கிறது. என் தாயாருக்குக் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று. கையில்லாமல் இருப்பது அதன் அழகு அன்று, கை இன்னும் பின்னப்படவில்லை என்பதே பொருள். எனக்கு ஒற்றைக் காலுறை. அவற்றின் அடியில், 2023ஆம் ஆண்டு முடியும் வரையில், சாம்பல் நிறத்தில் ஒரு போர்வையும் இருந்தது.

இந்தக் குறை எங்கள் வீட்டிற்கு மட்டும் உரியதன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குளிர் நாடுகளில் கிறிஸ்துமஸ் நாளே பின்னுகின்றவர்களுக்குத் தவணை நாள். கோடையில் பத்துப் பேருக்குப் பத்துப் பொருள் என்று ஊசியை எடுப்பவர்கள், டிசம்பர் பிறந்ததும் இரவு முழுதும் விழித்திருந்து பின்னுவார்கள். ஒரு காலுறையை ஆசையோடு முடித்துவிட்டு அதன் இணையைத் தொடங்கவே மனம் வராதிருப்பதற்கு ஆங்கிலப் பெண்மணிகள் ‘இரண்டாங் காலுறை நோய்’ என்று பெயரே சூட்டியிருக்கிறார்கள். முதற் காலுறையில் எல்லாம் புதுமை. இரண்டாவதில் கடமையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் ஒற்றைக் காலுறையைப் பரிசென்று எவரிடம் நீட்டுவது?

தொடங்குவதில் ஓர் இன்பம் இருக்கிறது. நூலின் நிறத்தைத் தெரிந்தெடுப்பது இன்பம். “உங்களுக்காக ஒன்று பின்னுகிறேன்” என்று சொல்வது அதனினும் இன்பம். அதைக் கேட்டவர் முகம் அந்த இடத்திலேயே மலர்கிறது. நமக்குரிய நன்றியை நாம் அப்பொழுதே பெற்றுக்கொண்டு விடுகிறோம். கொடுத்தவர் என்னும் பெயரைக் கொடுக்காமலே கடனாக வாங்கிக்கொள்கிறோம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. கடன் வாங்கியவர் கணக்கை மறப்பதும், கொடுத்தவர் வெட்கப்பட்டுக் கேளாதிருப்பதும் உலக வழக்கந்தானே!

சாம்பல் நிறப் போர்வையின் கதையைச் சொல்லுகிறேன். எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பல்லாண்டுகள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மூதாட்டி ஒருவர் இருந்தார். என் தாயார் கொழுந்தெடுக்கப் போன காலங்களில் என்னைத் தூளியில் இட்டு ஆட்டியவர் அவரே. 2021ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன், அவர் பழைய கோணிப் படுதா ஒன்றை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாயிலில் அமர்ந்திருந்ததைக் கண்டேன். அன்று மாலையே தானா ராத்தாவில் ஒரு போர்வை வாங்கிவரலாம் என்று என் மனைவி சொன்னாள். தடுத்தவன் நான்.

ஏன் தடுத்தேன்? பள்ளியில் படித்த காலத்தில் எமர்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1844ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கொடைகள்’ என்ற கட்டுரை என் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. கடையில் வாங்கிய அணிகலன் கொடையாகாது, கொடுப்பவன் தன்னில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. புலவன் பாட்டையும், ஆயன் ஆட்டுக்குட்டியையும், பெண் தன் கையால் தைத்த கைக்குட்டையையும் கொண்டுவருவதே முறை என்று அவர் எழுதுகிறார். தூளி ஆட்டிய கைக்குக் கடைச் சரக்கா கைம்மாறு? “நீயே பின்னிக் கொடு” என்றேன். மூதாட்டியிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். “அவசரம் ஒண்ணும் இல்லை தம்பி, மருமகப் பொண்ணு கை ஒழிஞ்சப்போ பின்னட்டும்” என்றார்.

என் தொழில் கணக்கு. ஆகவே இதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். காலம் கடந்த பின்புதான் பார்த்தேன். வரிசைக்கு 120 கண்ணி. முழுப் போர்வைக்கு 300 வரிசை. ஒரு வரிசைக்கு ஆறு நிமிடம் வைத்தாலும் 1,800 நிமிடம், அதாவது 30 மணி. நாளொன்றுக்கு அரைமணி ஒதுக்கினால் இரண்டு திங்களில் முடிந்திருக்கும். 2021ஆம் ஆண்டுக் குளிரில் 90 வரிசை ஆயிற்று. அடுத்த ஆண்டு எங்கள் மகள் பிறந்தாள். போர்வை கூடையின் அடிக்குப் போயிற்று. 2023இல் 200ஆம் வரிசையைத் தொட்டது. ஒவ்வோர் ஆண்டும் மழை தொடங்கியதும் நான் அந்த மூதாட்டியைக் கண்டு, “பாதி ஆகிவிட்டது”, “இனிக் கொஞ்சந்தான்” என்று சொல்லி வந்தேன். ஒரு முறையேனும் அவர், “எப்போது?” என்று கேட்டதில்லை. அந்தக் கோணிப் படுதா மட்டும் தோளில் இருந்தது. பிறர் யாரேனும் ஒரு போர்வை வாங்கித் தர முன்வந்த போது, “கிராணி வீட்டில் எனக்குப் பின்னுறாங்க” என்று மறுத்துவிட்டார் என்பதைப் பின்னர் அறிந்தேன். என் வாக்குறுதி அவருக்குப் போர்வையாகவும் இல்லை. வரவிருந்த போர்வையையும் தடுத்துவிட்டது.

அவர் 2023 டிசம்பரில் இறந்தார். குளிரால் இறந்தார் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எண்பதைக் கடந்தவர், நெஞ்சு நோயும் உடையவர். சாவு வீட்டிற்குப் புறப்படுகையில், கூடையிலிருந்து அந்தப் போர்வையை எடுத்துக்கொள்ளும்படி மனைவியிடம் சொன்னேன். கோடித் துணியோடு அதனையும் அவர் மேல் போர்த்தினால் என் மனம் ஆறும் என்று எண்ணினேன். அவள் எடுக்கவில்லை. “இப்போது போர்த்துவது யாருக்காக?” என்று கேட்டாள். என்னால் விடை கூற முடியவில்லை; இன்றும் முடியவில்லை.

பின்னொரு நாள் அவள் எனக்குக் காட்டியதுதான் என்னை மிகவும் வருத்தியது. பின்னல் நெசவைப் போன்றதன்று. அது ஒரே நூலால் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துச் செல்வது. ஊசியை உருவிவிட்டால் கண்ணிகள் சரிந்து குலையும். ஆனால் எந்த வரிசையில் வேண்டுமானாலும் கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, முடிச்சிட்டு மூடிவிடலாம். அவள் 200ஆம் வரிசையில் அப்படியே மூடினாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: கால் மணி நேரம். நீளம் சற்றுக் குறைந்த போர்வை. ஒரு சிறிய கிழவியின் முதுகையும் தோளையும் தாராளமாக மூடும். அவர் உயிரோடிருந்த கடைசி மாதத்தில் எந்த இரவிலும் இதைச் செய்திருக்கலாம். எங்களுக்கு இல்லாதிருந்தது நேரம் அன்று. முழுப் போர்வையாகக் கொடுக்க வேண்டும், கண்டவர் புகழ வேண்டும் என்ற ஆசையே குறுக்கே நின்றது. ‘குளிர்கிறது’ என்று அவர் உடல் சொன்னது. ‘இன்னும் 100 வரிசை’ என்று எங்கள் பெருமை சொன்னது.

மறுபடி எமர்சனை எடுத்துப் படித்தேன். அதே கட்டுரையில், வாயிலில் நிற்பவனுக்குச் செருப்பில்லை என்றால் வண்ணப் பெட்டி வாங்கித் தரலாமா என்று யோசிக்க வேண்டியதில்லை என்னும் கருத்தும் இருக்கிறது. தேவை என்று ஒன்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் எதைக் கொடுப்பது என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை என்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்தது அவர் கட்டுரையின் பாதி. எனக்குப் பெருமை தந்த பாதி. தோட்டத்தில் இருந்துகொண்டு ஆங்கிலம் படித்தவர்களுக்கு இப்படி நேர்வது புதிதன்று.

“எண்ணம் நல்லதுதானே, அதற்கு மதிப்பில்லையா?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். உண்டு, ஆனால் அம்மதிப்பு எண்ணியவனுடைய கணக்கில் சேருவது, பெற வேண்டியவர் உடம்பில் சேருவதன்று. நம் முன்னோர் வள்ளல் எழுவரில் ஒருவனாகப் பேகனைப் போற்றினார்கள். மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தவன் அவன். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நாம் நகைக்கிறோம். நானும் பள்ளியில் நகைத்தேன். ஆயினும் அவன் செய்யாதது ஒன்று உண்டு. ‘இதைவிடச் சிறந்ததாக நெய்வித்துத் தருகிறேன், பொறுத்திரு’ என்று அவன் மயிலிடம் சொல்லவில்லை. தோளில் இருந்ததை எடுத்துப் போர்த்தினான். வேலையில் மிச்சம் வைப்பது நெருப்பில் மிச்சம் வைப்பது போன்றது என்று வள்ளுவர் எச்சரித்தது அரசர்க்கும் அமைச்சர்க்கும் மட்டுமென்று இதுகாறும் எண்ணியிருந்தேன்.

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு பெண்மணிகள் இருவர் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். ஒருவர் இறந்துபோய், அவர் கைவேலை பாதியில் நின்றுவிட்டால், முன்பின் அறியாத தொண்டர் ஒருவர் அதனை வாங்கி முடித்து, உறவினரிடம் திருப்பித் தருகிறார், கூலி இல்லை. இறந்த தாயின் கண்ணிகள் எங்கே முடிகின்றன, அயலாரின் கண்ணிகள் எங்கே தொடங்குகின்றன என்பது அதை அணியும் மகளுக்குத் தெரியாமற் போகலாம். இதைப் படித்த போது, கொடை என்பது ஒரு கையோடு முடிவதன்று என்று மகிழ்ந்தேன். அடுத்த கணமே வேறொன்று உறைத்தது. செய்பவர் இறந்தால் மற்றொருவர் முடிக்கலாம். பெறுபவர் இறந்துவிட்டால் எந்தத் தொண்டராலும் முடிக்க முடியாது.

ஆகையால் கைவேலையே வேண்டாம், கடைக்குப் போங்கள் என்கிறேனா? இல்லை. 1914இல் தொடங்கிய போரின் போது, இங்கிலாந்தின் அரசி மேரி படைவீரருக்குக் காலுறை பின்னித் தருமாறு பெண்களைக் கேட்டுக்கொண்டார். நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நனைந்த காலுறையோடு நாட்கணக்கில் நின்றவர்களுக்குப் பாதம் அழுகும் நோய் வந்தது. உலர்ந்த காலுறை அங்கே மருந்துக்கு நிகர். அவற்றைப் பின்னிய பெண்களுக்குத் தவணையைக் குறித்தது அந்தப் பாதந்தான், அவர்களுடைய ஆசை அன்று. அத்தகைய பின்னலை நான் குறை கூறுவேனா? யாருக்காகப் பின்னுகிறோமோ அவருடைய குளிர் நம் ஊசிக்கு எசமானாக இருக்குமானால், பின்னுவதும் ஒன்றே, வாங்குவதும் ஒன்றே.

மூடிய அந்தச் சாம்பல் போர்வையை அடுத்த லயத்தில் தனித்திருக்கும் மற்றொரு மூதாட்டிக்குக் கொடுத்தோம். நான் நெடிய முன்னுரை ஏதும் சொல்லவில்லை. அவர் அதை விரித்துப் பார்த்து, “கொஞ்சம் குட்டையா இருக்கே” என்றார். பின்பு தோளில் போட்டுக்கொண்டு அடுப்பருகே போய்விட்டார்.

இந்த ஆண்டு மழை தொடங்கிய வாரத்தில் நானும் மனைவியும் கூடையைத் தரையில் கவிழ்த்து உட்கார்ந்தோம். ஒவ்வொன்றையும் எடுத்து, “இதற்கு இன்று உடம்பு இருக்கிறதா?” என்று கேட்டாள். தாயாரின் ஸ்வெட்டருக்குக் கை வேண்டாம், கையில்லாமலே அணிந்துகொள்வேன் என்று தாயாரே வாங்கிக்கொண்டார். தம்பி பிள்ளையின் சட்டை பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு ஏற்கும். கழுத்துப் பட்டி மட்டும் பாக்கி. இரவுக் காவலுக்கு வந்திருக்கும் நேப்பாளத்து இளைஞருக்குக் காதை மூடும் குல்லாய் ஒன்றைக் கடையிலேயே வாங்கிவிட்டோம். கடைசியில் என் ஒற்றைக் காலுறை வந்தது. இணை வேண்டுமா என்று கேட்டாள். என்னிடம் வாங்கிய காலுறைகள் மூன்று சோடி இருக்கின்றன. நான் நூல்முனையைப் பிடித்து இழுக்க, அவள் உருண்டையாகச் சுற்றிக்கொண்டாள். கைக்குழந்தையின் கழுத்துப் பட்டிக்கு அது போதும் என்கிறாள். நிறந்தான் சற்று வேறுபடும்.